சைதாப்பேட்டைப் பள்ளியிலிருந்து வைஸ்ராய் சபை வரை: சர் முஹம்மது ஹபீபுல்லாஹ்வின் குடும்பப் பின்னணியும் இளமைக் காலமும்

பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறி மாம்பலம் போய் வேலை பார்க்கிற பிள்ளைகள் நம் மஹல்லாவில் பலர் உண்டு. அவர்களில் ஒருவர் சென்ற மாதம் ஜுமுஆ முடிந்து ஸலாம் சொல்லிவிட்டு நின்றார். "ஹஜ்ரத், எங்க ஆபீஸ் இருக்கிறது தி.நகர் ஹபிபுல்லா ரோட்டில. அந்த ஹபிபுல்லா யாரு? ஆபீஸ்ல கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "ஏதாவது நவாபா இருக்கும்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

நடிகர் சங்கக் கட்டடம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் அடிபடுகிற பெயர்தான் ஹபிபுல்லா சாலை. அதற்கு உரியவர் நம் சமுதாயத்துக்காரர். ஆங்கிலேயர் காலத்தில் ஓர் இந்தியர் எட்டக்கூடிய உச்சப் பதவிகளில் இருந்தவர். ஆனாலும் அவரைப் பற்றித் தமிழில் நம் பிள்ளைகள் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. கிடைக்கிற சிலவும் பட்டங்களையும் பதவிகளையும் வரிசையாக அடுக்கிவிட்டு முடிந்துவிடுகின்றன. அந்தப் பதவிகளுக்கு முன்னால் அவர் யாராக இருந்தார், எந்த வீட்டிலிருந்து வந்தார், எப்படிப் படித்தார் என்பதையே நாம் இங்கே கூடுதலாகப் பேச விரும்புகிறோம்.

பிறந்த நாளும் உடன் பிறந்த காலமும்

முஹம்மது ஹபீபுல்லாஹ் பிறந்தது 1869 செப்டம்பர் 22. ஹிஜ்ரி கணக்கில் 1286, ஜமாதுல் ஆகிர் மாதம். அந்தத் தேதியில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. அதே 1869 செப்டம்பர் 22 அன்றுதான் தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில் ஓர் ஏழை வைதீகக் குடும்பத்தில் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி பிறந்தார். சரியாகப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 2 அன்று, குஜராத்தின் போர்பந்தரில் காந்தி பிறந்தார். 57 ஆண்டுகளுக்குப் பிறகு இந்த மூவரின் வாழ்க்கையும் தென்னாப்பிரிக்க இந்தியர் பிரச்சினையில் ஒன்றையொன்று தொட்டது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆற்காட்டு உறவு

ஹபீபுல்லாஹ்வின் குடும்பம் ஆற்காட்டு நவாபு வம்சத்தோடு உறவுடையது. "நவாபு குடும்பம்" என்றதும் நம் மக்கள் மனதில் யானையும் அம்பாரியும் அத்தர் வாசமும் வந்துவிடும். 1869இல் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று தெரிந்தால்தான் இவரது இளமைக் காலம் புரியும்.

ஆற்காட்டு நவாபுகளில் இரண்டாவது வம்சத்தைத் தொடங்கிய அன்வருத்தீன் கான் வட இந்தியாவின் கோபாமவ் ஊரிலிருந்து வந்தவர். 1749இல் ஆம்பூர் போரில் கொல்லப்பட்டார். அவர் மகன் முஹம்மது அலி வாலாஜா ஆங்கிலேயரின் துணையோடு ஆட்சியைப் பிடித்தார். வாலாஜாபேட்டை, வாலாஜா சாலை, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் எல்லாம் அவர் பெயரைச் சுமப்பவைதான். துணைக்கு வந்தவர்கள் சும்மா வரவில்லை. படைச் செலவு, அதற்குக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு ஈடாக வரி வசூல் உரிமை என்று கயிறு இறுகிக்கொண்டே போனது. 1795இல் வாலாஜா மறைந்தார். 1801இல் அவர் மகன் உம்தத்துல் உமரா மறைந்த சில நாட்களுக்குள் கர்நாடக ராஜ்யத்தின் ஆட்சி முழுவதையும் கம்பெனி ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. அதன்பின் நவாபு என்பது பெயருக்கு மட்டுமே.

அந்தப் பெயரும் 1855 வரைதான் நீடித்தது. கடைசி நவாபு குலாம் முஹம்மது கவுஸ் கான் வாரிசின்றி வஃபாத்தானார். வாரிசு இல்லாவிட்டால் ராஜ்யம் கம்பெனிக்கே என்ற டல்ஹௌசியின் கொள்கை இங்கும் பாய்ந்தது. சேப்பாக்கம் அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போனது. கவுஸ் கானின் சிறிய தந்தை அஸீம் ஜா பல ஆண்டுகள் மனுப் போட்டுப் போராடிய பிறகு, 1867இல் "அமீரே ஆற்காடு", அதாவது ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டமும் ஓய்வூதியமும் கிடைத்தன. ராஜ்யம் கிடையாது, படை கிடையாது, வரி கிடையாது.

இது நடந்து இரண்டு ஆண்டுகளில் பிறந்தவர் ஹபீபுல்லாஹ்.

நவாபு வீட்டைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்கள் அப்போது நூற்றுக்கணக்கில் இருந்தன. உறவினர், மன்ஸப் பெற்றவர்கள், முன்ஷிகள், ஹகீம்கள், காஜிகள், குதிரைப்படைக்காரர்கள். இவர்களில் பலருக்கு "கர்நாடிக் ஸ்டைபெண்ட்" என்ற பெயரில் அரசு உதவித்தொகை கொடுத்தது. அதைப் பட்டுவாடா செய்வதற்கென்றே தனி அலுவலகமும் இருந்தது. தந்தைக்கு வந்த தொகை பிள்ளைகளுக்குப் பங்காகும். பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் சிறிய பங்காகும். மூன்றாம் தலைமுறையில் அதை வாங்கப் போகிற வண்டிச் சத்தத்துக்குக்கூடக் காணாது. ஆனால் "நாங்கள் இன்னார் வம்சம்" என்ற பேச்சு மட்டும் குறையாது. இந்த நோயை நாம் வட ஆற்காட்டுப் பக்கத்திலும் சென்னையிலும் கண்ணால் கண்டிருக்கிறோம். சட்டம் போட்டு மாட்டிய பழைய ஸனது சுவரில் தொங்கும், அதன் கீழே வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றிருப்பான்.

அப்படிப்பட்ட சூழலில் இந்த வீடு தன் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியது. இந்த வரலாற்றின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

சைதாப்பேட்டை ஜில்லா ஹைஸ்கூல்

அவர் படித்தது சைதாப்பேட்டை ஜில்லா ஹைஸ்கூலில். இன்று சைதாப்பேட்டை சென்னை நகரத்தின் ஒரு பகுதி. அன்று அது செங்கல்பட்டு மாவட்ட கலெக்டரின் தலைமையிடம். நம் பட்டாபிராம், ஆவடி, திருநின்றவூர் எல்லாம் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவைதான். நம் முப்பாட்டன்மார் ஒரு கலெக்டர் மனு கொடுக்க வேண்டுமென்றால் சைதாப்பேட்டைக்குத்தான் போயிருப்பார்கள். கச்சேரி, தாசில், போலீஸ், அரசாங்கத்தின் விவசாயப் பண்ணை, அதையொட்டி 1876இல் தொடங்கிய விவசாயக் கல்லூரி என்று உத்தியோக வாசனை வீசிய ஊர் அது. அங்கே வளர்கிற சிறுவனுக்கு அதிகாரம் என்பது அரண்மனையில் இல்லை, கச்சேரியில் இருக்கிறது என்பது சொல்லிக்கொடுக்காமலேயே தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் முஸ்லிம் வீடுகள் ஆங்கிலப் பள்ளியிலிருந்து விலகி நின்றதற்குக் காரணங்கள் பல. கோர்ட்டிலும் அலுவலகத்திலும் பாரசீக மொழிக்கு இருந்த இடம் 1830களிலேயே போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாரசீகம் படித்து முன்ஷி வேலை பார்த்தவர்கள் திடீரென்று எழுத்தறிவில்லாதவர்களுக்குச் சமமாகிப் போனார்கள். ஆங்கிலப் பள்ளிகளில் பெரும்பாலானவை மிஷனரிகளின் கையில் இருந்தன. பிள்ளையின் ஈமான் போய்விடும் என்ற அச்சம் உலமாக்களுக்கு இருந்தது. அந்த அச்சத்தை இன்று கேலி செய்வது எளிது. 1857க்குப் பிறகு இருந்த நிலைமையில் அது காரணமில்லாத அச்சம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அதற்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரியது என்பதையும் மறைக்கக் கூடாது.

1871இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு முஸ்லிம்களின் கல்விக்கு மாகாண அரசுகள் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே மதராஸ் அரசு இங்கு நடவடிக்கை எடுத்தது. முஸ்லிம்கள் அதிகமுள்ள இடங்களில் தனி வகுப்புகள், உருது தெரிந்த ஆசிரியர்கள் என்று சில ஏற்பாடுகள் வந்தன. திருவல்லிக்கேணியில் நவாபு ஆதரவில் இயங்கிய மதரஸயே ஆஸம் அரசுப் பள்ளியாக மாறியிருந்தது. ஹபீபுல்லாஹ் பள்ளிக்குப் போன 1870களும் 80களும் இந்த மாற்றம் தொடங்கிய காலம். தென்னிந்திய முஹம்மதன் கல்விச் சங்கமான மியாஸி தொடங்கப்பட்டது 1902இல்தான். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி வந்தது 1919இல். அதாவது சமுதாயம் தனக்கென்று கல்வி நிறுவனங்களைக் கட்டுவதற்கு ஒரு தலைமுறை முன்பே, பொதுப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து வெளியே வந்தவர் இவர்.

வேலூர் வக்கீல்

1888 ஜூலையில் ஹபீபுல்லாஹ் வக்கீல் தொழிலுக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை. அந்த நாட்களில் வக்கீலாக பி.ஏ., பி.எல். என்று பட்டம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பிளீடர் தேர்வு என்று தனியாக ஒன்று இருந்தது. அதில் தேறியவர்கள் மாவட்ட, முன்சீப் கோர்ட்டுகளில் வாதாடலாம். ஹைகோர்ட்டில் நின்று வாதாடும் பாரிஸ்டர்களுக்கு இருந்த மதிப்பு இவர்களுக்குக் கிடையாது. ஆனால் ஜனங்களின் நிலத் தகராறும் பாகப் பிரிவினையும் கடன் பத்திரமும் இவர்கள் கைக்குத்தான் வரும். அதே 1888 செப்டம்பரில்தான் காந்தி பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

ஹபீபுல்லாஹ் தொழில் தொடங்கத் தேர்ந்த ஊர் வேலூர். சென்னையை விட்டு அங்கே போனது ஏன் என்று பலர் கேட்கலாம். வட ஆற்காடு மாவட்டத்துக்கு அப்போது தலைமையிடம் சித்தூர்தான். இருந்தாலும் மக்கள்தொகையிலும் வியாபாரத்திலும் வேலூர் பெரிய ஊர். கோட்டை, ராணுவம், சந்தை, சுற்றிலும் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்று தோல் வியாபாரத்தில் வளர்ந்து வந்த முஸ்லிம் ஊர்கள். தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கிற இடம். உருது பேசும் வீட்டில் பிறந்து ஆங்கிலம் படித்த இளம் வக்கீலுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைத்திருக்காது.

மார்க்கக் கல்வியிலும் வேலூர் தலைநகரமாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஹஜ்ரத் மகானில் லத்தீஃபிய்யா இருந்தது. ஷம்சுல் உலமா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) அவர்கள் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மதரஸாவின் பட்டதாரிகள்தான் பின்னாளில் தமிழகம், கேரளம், இலங்கை முழுவதும் பரவினார்கள். ஒரே ஊரில் ஒரு பக்கம் ஹதீஸ் பாடம், இன்னொரு பக்கம் முன்சீப் கோர்ட். மதரஸாவில் ஓதிவிட்டுப் பிறகு கல்லூரியில் பி.ஏ. படித்த நமக்கு இந்தக் காட்சியை நினைத்துப் பார்ப்பதில் தனி விருப்பம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நகராட்சிப் படிக்கட்டு

1895இல் ஹபீபுல்லாஹ் வேலூர் நகராட்சியின் கௌரவத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 26. அவரது பொதுவாழ்வின் முதல் படி இதுதான்.

இது எப்படிச் சாத்தியமானது? 1882இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சிக்கான தீர்மானத்தை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து 1884இல் மதராஸ் மாகாணத்தில் நகராட்சிச் சட்டமும் உள்ளாட்சி வாரியச் சட்டமும் வந்தன. வரி செலுத்துகிற ஊர்க்காரர்கள் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கவும், கலெக்டரோ சப்கலெக்டரோ உட்கார்ந்திருந்த தலைவர் நாற்காலியில் உள்ளூர்க்காரர் உட்காரவும் வழி பிறந்தது. அன்றைய வாக்காளர் எண்ணிக்கை மிகச் சிறியது. சொத்து உள்ளவருக்கே ஓட்டு. பெண்களுக்கு இல்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி என்ற ஏற்பாடு சட்டசபைக்கு வந்தது 1909இல்தான். 1895இல் வேலூரில் ஒரு முஸ்லிம் வக்கீல் நகராட்சித் தலைவராக வேண்டுமென்றால் கோயில் தெருக்காரரும் செட்டியாரும் முதலியாரும் ஏற்றுக்கொள்ளாமல் முடியாது.

நகராட்சி வேலை என்றால் என்ன? சாக்கடை, தெரு விளக்கு, குடிநீர், தொடக்கப் பள்ளி, அம்மை குத்துதல், சந்தை வரி, கபரஸ்தானுக்கும் சுடுகாட்டுக்கும் இடம். அந்த ஆண்டுகளில் காலரா அடிக்கடி வந்துபோன நோய். 1896இல் பம்பாயில் பிளேக் தொடங்கிய பிறகு தென்னிந்திய நகராட்சிகள் எல்லாம் அந்தப் பயத்திலேயே இருந்தன. புகழ் கிடைக்காத, திட்டு மட்டும் கிடைக்கிற வேலை இது. இன்று நம் ஆவடி மாநகராட்சியில் குப்பை வண்டி வரவில்லை என்று போன் போடுகிற போது நாமும் அந்தத் திட்டில் பங்கு வைக்கிறோம் அல்லவா, அதே வேலைதான்.

அங்கிருந்து தாலுகா வாரியத்துக்கும் மாவட்ட வாரியத்துக்கும் போனார். "கான் பகதூர்" பட்டம் வந்தது. மாகாணச் சட்டசபைக்குள்ளும் வந்தார். வேலூர் வக்கீலுக்கும் மதராஸ் கோட்டைக்கும் நடுவே ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஊர் வேலை இருக்கிறது. அரச குடும்ப உறவால் ஒரே தாவலில் மேலே போனவர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அமைச்சரா, உறுப்பினரா?

1920 டிசம்பரில் மாகாணங்களில் "இரட்டை ஆட்சி" முறை வந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம் போயின. மதராஸில் நீதிக்கட்சிக்காரர்கள் அந்த அமைச்சர்கள். நிதி, நில வருவாய், போலீஸ் முதலியவை கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர்களிடமே இருந்தன. உண்மையான கடிவாளம் இந்த இரண்டாவது அணியிடம்தான். ஹபீபுல்லாஹ் இருந்தது இந்த அணியில். ஆகவே சரியாகச் சொன்னால் அவர் "அமைச்சர்" அல்ல, "உறுப்பினர்". அதிகாரத்தில் அமைச்சரை விடப் பெரியவர். 1924 முடிய அப்பதவியில் இருந்தார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் சர் முஹம்மது உஸ்மான். உஸ்மான் சாலையும் ஹபிபுல்லா சாலையும் தி.நகரில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இந்த வரிசையால்தான். நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் உருவான அந்த நகரே சர் பிட்டி தியாகராயர் பெயரில் அமைந்தது, தெருக்களுக்கும் அக்காலத் தலைவர்களின் பெயர்கள்.

இங்கே ஒரு கசப்பான பக்கமும் உண்டு. அதைத் தாண்டிப் போனால் நாம் நேர்மையாளர்கள் அல்ல. 1920 முதல் 1924 வரையிலான ஆண்டுகள் கிலாஃபத் இயக்கத்தின் ஆண்டுகள். 1921 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் யாகூப் ஹசன் சேட் கைது செய்யப்பட்டுச் சிறைக்குப் போனார். அதே ஆண்டு மலபாரில் மாப்பிள்ளைமார் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. நவம்பரில் திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்கு வேகனில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் சுமார் 70 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். மலபார் அப்போது மதராஸ் மாகாணத்தின் ஒரு மாவட்டம். அந்த மாகாண அரசின் நிர்வாக சபையில் இவர் உறுப்பினர். ஒரே சமுதாயத்தில் ஒருவர் சிறையில், ஒருவர் சபையில்.

முஸ்லிம் அல்லாத அரசில் பதவி ஏற்பது பற்றி யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பை ஏற்ற வரலாற்றை முன்வைத்து இமாம்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். அநீதியைக் குறைக்க முடியுமென்றால் ஏற்கலாம், அநீதிக்குக் கருவியாவதென்றால் கூடாது என்ற பாகுபாடு அங்கே பேசப்படுகிறது. ஹபீபுல்லாஹ் எந்தப் பக்கம் நின்றார் என்று தீர்ப்பு எழுத நாம் காஜி அல்ல. ஆனால் அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் 1921ஐத் தவிர்த்துவிட்டு எழுதுவதும், அவரை "வெள்ளைக்காரன் ஆள்" என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள் அடுத்து வரும் விஷயத்தைத் தவிர்ப்பதும் சரியல்ல.

கேப் டவுன்

1925 முதல் 1930 வரை அவர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் கல்வி, சுகாதாரம், நிலம் ஆகியவற்றுக்கான உறுப்பினர். வெளிநாடு வாழ் இந்தியர் விவகாரமும் அந்தத் துறையிடம்தான். தென்னாப்பிரிக்க அரசு இந்தியர்களைத் தனி வட்டாரங்களில் ஒதுக்கி வைக்கும் சட்டத்துக்கு அப்போது வழி செய்துகொண்டிருந்தது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக மதராஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். வேலூர் நகராட்சித் தலைவராக இருந்தவருக்கு அந்த ஊர்ப் பெயர்களும் சாதிப் பெயர்களும் காகிதத்தில் படித்துத் தெரிந்தவை அல்ல.

1926 டிசம்பரில் கேப் டவுனில் வட்டமேசை மாநாடு கூடியது. இந்தியக் குழுவின் தலைவர் ஹபீபுல்லாஹ். குழுவில் இருந்தவர்களில் ஒருவர் சீனிவாச சாஸ்திரி. ஒரே நாளில் பிறந்த இருவர், ஒருவர் ஆற்காட்டு உறவு, ஒருவர் வலங்கைமான் அக்ரஹாரம், 57 வயதில் ஒரே மேசையில். 1927 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. ஒதுக்கீட்டு மசோதா கைவிடப்பட்டது. அங்கே தங்கிவிட்ட இந்தியரின் கல்வியையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்தும் பொறுப்பு தங்களுக்கு உண்டு என்று தென்னாப்பிரிக்க அரசு ஏற்றது. பதிலுக்கு, ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்குப் பெரியவருக்கு 20 பவுண்டு, சிறியவருக்கு 10 பவுண்டு என்று கொடுத்து அனுப்பும் திட்டத்தை இந்தியத் தரப்பு ஏற்றது. இந்த இரண்டாவது பகுதி அன்றே விமர்சிக்கப்பட்டது. ஊர் திரும்பிய பலர் சொந்த ஊரில் அந்நியராகித் தவித்தார்கள். அந்த உடன்பாட்டின்படி இந்தியாவின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றவர் சாஸ்திரி. அவர் போக வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் காந்தியும் ஒருவர்.

1929இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கக் கூட்டத்துக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கும் ஹபீபுல்லாஹ் தலைமை வகித்தார். அதுவரை அந்தக் குழுவுக்கு ஆங்கிலேயர்தான் தலைவர். இந்தியர் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை.

பிறகு 1934 மார்ச்சில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் ஆனார். இந்து அரசர், முஸ்லிம் திவான். ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று சமூகத்தார் சட்டசபையிலும் அரசு வேலையிலும் உரிய பங்கு கேட்டு நிவர்த்தனக் கிளர்ச்சி நடத்திய நேரம் அது. சி.கேசவன் 1935இல் கோழஞ்சேரியில் பேசிய பேச்சுக்காகக் கைதானதும் இவர் காலத்தில்தான். அதே 1935இல் அரசு வேலைக்கு ஆள் எடுப்பதை ஒழுங்குபடுத்தத் தனி ஆணையர் நியமிக்கப்பட்டதும் இவர் காலத்தில்தான். 1936 அக்டோபரில் சர் சி.பி.ராமசாமி அய்யர் அந்தப் பதவிக்கு வந்தார்.

ஹபீபுல்லாஹ் 1948 மே 16 அன்று வஃபாத்தானார்.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் பள்ளிவாசல் வாசலில் நின்று சொல்ல நேரமில்லை. "18 வயசுல வக்கீலாகி, 26 வயசுல வேலூர் முனிசிபாலிட்டி சேர்மன் ஆனவர்னு சொல்லுப்பா, மத்தத நான் எழுதித் தர்றேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். "18 வயசா ஹஜ்ரத்?" என்று திரும்பிக் கேட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினார்.